கஞ்சி போட்ட புடவையும் தாடிக்கார நாயகர்களும்

இந்திப் படம் எடுக்கிறவர்களுக்கு முகச்சவரம் செய்துகொள்ள நேரமில்லாமல் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. போன ஒரு வருஷத்தில் நான் பார்த்த அத்தனை இந்திப் படத்திலும் கதாநாயகனுக்குத் தாடி. உளவாளிக்குத் தாடி, கல்லூரி மாணவனுக்குத் தாடி, ராஜாவுக்குத் தாடி, ராஜாவைக் கொல்ல வருகிறவனுக்கும் அதே தாடி. இது ஒரு பெரிய குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பெரிய குற்றம்தான். என் மாமியார் ஒரு இந்திப் படத்தில் நடித்திருந்தார். அது எந்தப் படம் என்று கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த ஒரே துப்பு, கதாநாயகனுக்குத் தாடி உண்டு என்பதுதான்.

நாங்கள் இருப்பது கோவில்பதாகையில். நான், என் வீட்டுக்காரர், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார். வீட்டுக்காரர் பூந்தமல்லி பைபாஸ் பக்கம் ஒரு குடோனில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கர். தைத்து வரும் சட்டையில் எங்கே நூல் விட்டிருக்கிறது, எந்தப் பட்டன் கோணல் என்று பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போய்விட்டது. படம் பார்க்கும்போதும் அதே வேலைதான். போன காட்சியில் இடது கையில் இருந்த கட்டு இந்தக் காட்சியில் வலது கைக்கு மாறியிருந்தால் எனக்கு அப்புறம் கதையே ஓடாது. எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்கண்ட் பெண்கள். அவர்களோடு பேசிப் பேசி இந்தி வந்தது, இந்தியோடு இந்திப் பட வியாதியும் வந்தது.

போன வருஷம் கோடையில் எங்கள் தெருவுக்கு ஒரு ஏஜென்ட் வந்தார். கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். "இந்திப் படம்மா, பெரிய பட்ஜெட்டு. கிராமத்து ஆளுங்க வேணும். செம்பரம்பாக்கம் பக்கத்துல மூணு நாளு. பூந்தமல்லில வேன் ஏத்திப்பாங்க" என்றார். வயதான பெண்கள் வேண்டும் என்றதும் அத்தை முன்னால் போய் நின்றார். அறுபதைத் தாண்டியவர். வாழ்க்கையில் எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

முதல் நாள் போய்விட்டுச் சாயங்காலம் வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "தாடிக்காரன் என் கையப் புடிச்சிகினு நின்னான்மே. ஈரோ. நல்ல புள்ள. செண்டு வாசன கும்முனு அடிச்சிது."

"எந்த ஹீரோ அத்தை?"

"இன்னாத்த கண்டேன். ஒசரமா இருந்தான். தாடி."

படத்தின் பெயரைக் கேட்டிருக்கிறார், யாரும் சொல்லவில்லை. போனை எல்லாம் உள்ளே நுழையும்போதே ஒரு டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், அதனால் போட்டோவும் இல்லை. ஏஜென்ட் எண்ணுக்கு அப்புறம் நான் எத்தனையோ தடவை அடித்தேன், அணைந்தே கிடந்தது. என் போனில் ஒவ்வொரு நடிகனின் படமாக எடுத்துக் காட்டினேன். "இவனா அத்தை?" "இவன் மாதிரிதான்." "அப்ப இவனா?" "இவன் மாதிரியும்தான் இருந்தான்." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் கட்டிக்கொண்டு போன பச்சை நூல் புடவை, அரக்கு பார்டர், முழங்கால் வரை சேறும் மேலே டீத்தண்ணிக் கறையுமாகத் திரும்பி வந்திருந்தது. வேஷத்துக்குப் பூசினார்கள் என்றார். வந்த கையோடு துவைத்து, கஞ்சி போட்டு, மின்விசிறிக்கு அடியில் கொடி கட்டிக் காயப்போட்டார். காலையில் அதைக் கட்டிக்கொண்டு மறுபடி வேன் ஏறிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் அதற்குள் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தேன். மூன்றாம் நாள் வேன் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "போதும்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் நாள் என்ன நடந்தது என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது எங்கள் தேடல். அம்பத்தூரில் எந்த இந்திப் படம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய் உட்கார்ந்துவிடுவோம். தியேட்டருக்கு வராதது செயலியில் வந்தால் வீட்டில். விளக்கு அணைந்ததும் அத்தை என் கையைச் சுரண்டி ஒரே கேள்விதான் கேட்பார். "இதுல நான் வருவனா?"

இந்த ஒரு கேள்விக்காக நான் தின்ற மண் கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு உளவாளிப் படம். கதாநாயகன் ஒரு ஊரில் குதிப்பான், வேறொரு ஊரில் விழுவான். ஐந்து நாட்டுப் போலீஸ் அவனைச் சுடும், ஒருவருக்கும் குறி வராது. அவன் எதிரியை அடிக்கிறானா கொடியை ஆட்டுகிறானா என்று புரியாத அளவுக்கு இரண்டையும் கலந்து வைத்திருந்தார்கள். கொடி வரும்போதெல்லாம் கை தட்டாதவனைத் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆள் எங்கள் வரிசையில் இருந்தான். நாட்டுப்பற்றைக் காட்டி மோசமான படத்தை மன்னிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? கோணலாகத் தைத்த சட்டையில் கொடியைக் குத்தி அனுப்பினால் வெளிநாட்டுக்காரன் வாங்கிக்கொள்வானா?

இன்னொன்று கல்யாணப் படம். லண்டனில் அரண்மனை மாதிரி வீடு. ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. அத்தனை பேரும் இரண்டரை மணி நேரம் ஆடிக்கொண்டே இருந்தார்கள். "இவங்களுக்கு சோறு யாரு ஆக்குறா?" என்று அத்தை கேட்டார். மொழி ஒரு வார்த்தை புரியாமல் அவர் கேட்ட இந்தக் கேள்விக்குக் கடைசி வரைக்கும் இயக்குநரிடம் பதில் இல்லை. அதில் அத்தை வர வாய்ப்பே கிடையாது என்று முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து வர மறுத்துவிட்டார். "கடேசில வந்துட்டா இன்னா பண்றது?"

மூன்றாவது, ஏழைகளைப் பற்றிய படமாம். இதற்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. சின்ன ஊர், ஓட்டு வீடு, அப்பாவுக்கு வேலை போய்விட்டது. சரி. ஆனால் அந்த வீட்டுக் குக்கரின் அடியில் ஒரு கருப்பு இல்லை. தூங்கி எழுந்த கதாநாயகிக்கு உதட்டுச்சாயம் கலையவில்லை. பசியில் வாடுகிற கதாநாயகனுக்குக் கன்னத்தில் அளவாக ஒரே ஒரு கரிக்கோடு, அழகுக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி. ஆனால் அவனுக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கைக்குழந்தையிலிருந்து கிழவி வரைக்கும் முகமெல்லாம் கரி, துணியெல்லாம் அழுக்கு, தலை எண்ணெய் பார்த்து மாசக்கணக்கு ஆன மாதிரி. வசனம் பேசுகிற ஏழைக்கு மட்டும் சோப்பு கிடைக்கிறது. பேசாத ஏழைக்கு வாளித் தண்ணீர்கூடக் கிடையாது. இதை எழுதியவன் யாரென்று தெரிந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

நம்ம ஊர்க்காரன் ஒருவன் இந்திப் படத்தில் வந்துவிட்டால் அது தனிக் கொடுமை. நெற்றி நிறைய விபூதி, வாக்கியத்துக்கு வாக்கியம் ஐயோ, சோற்றை உருட்டி முழங்கை வழிய விடுவான். இத்தனை வருஷம் கோவில்பதாகையிலும் ஆவடியிலும் குப்பை கொட்டுகிறேன், அப்படிச் சாப்பிடுகிற ஒருத்தரை நான் பந்தியில்கூடப் பார்த்ததில்லை. நம் படங்கள் மட்டும் ரொம்ப யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. நம் படத்தில் வடக்கத்திப் பையன் வந்தால் அவன் பான்பராக் துப்ப வேண்டும், திருட வேண்டும், நாலு பேர் அவனை அடித்துச் சிரிக்க வேண்டும். மறுநாள் எங்கள் லைனில் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.

என் புலம்பல் தாங்காமல் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "புடிக்கலைன்னா இன்னாத்துக்குமே போய்ப் போய்ப் பாக்குறீங்க ரெண்டு பேரும்? எங்கம்மாவ கூட்டத்துல எங்கியோ நிக்க வெச்சிருப்பான். வெட்டிப் போட்டிருப்பான்."

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். தலை தூக்காமலே சொன்னார். "வெட்டி இருக்க மாட்டான்டா. என்னிய பக்கத்துல வெச்சித்தான் எடுத்தான். நான் ஒருவாட்டி பாத்துட்டா போதும்."

அவருக்கு அது எத்தனை முக்கியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவருடைய கல்யாணத்துக்கே போட்டோ எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் படம் என்று இருப்பது ஆதார் அட்டையில் இருப்பதுதான், அந்த அட்டையில் எவரும் அவரவர் மாதிரி இருப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். வீட்டுக்காரருக்கு விடுமுறை, வீட்டில் தனியாகத் தூங்குவதற்கு ஏசியில் தூங்கலாம் என்று வந்தார். படத்தின் ஆரம்பமே எனக்கு எரிச்சல். டெல்லியிலிருந்து ஒரு தாடிக்கார அதிகாரி தெற்கே ஒரு கிராமத்துக்கு வருகிறான். எந்த மாநிலம் என்று படம் எடுத்தவனுக்கே தெரியாது. பெயர்ப்பலகை ஒரு மொழி, பேச்சு இன்னொரு மொழி, கோயில் வேறெங்கோ. ஊருக்கே ஒரு வில்லன். ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவனுக்கும் முதுகெலும்பு இல்லை. டெல்லியிலிருந்து ஒருவன் வந்துதான் இவர்களுக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுத்தர வேண்டும்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோது திரையில் ஒரு வைக்கோல் போர் வந்தது. அதன் அடியில் மஞ்சளாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. மனைப்பிரிவுக் கல். முதல் நாள் வந்து அத்தை சொன்ன கதையில் அது இருந்தது. ஏரிக்கரைப் பக்கம் பிளாட் போட்ட நிலத்தில்தான் அவர்கள் கிராமம் கட்டினார்கள், மஞ்சள் கல்லை எல்லாம் வைக்கோல் போட்டு மூடினார்கள், சேறு செய்வதற்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

"அத்தை, கல்லு."

"பாத்தேன்." அவர் ஏற்கனவே முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்காரரைக் குத்தி எழுப்பினேன்.

தாடிக்காரன் ஊர் நடுவில் வந்து நிற்கிறான். பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். கேமரா சுற்றிச் சுற்றி வந்து ஒரு முகத்தில் போய் நின்றது. திரை முழுக்க எங்கள் அத்தை.

வீட்டுக்காரர் விசில் அடிக்க இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

தலையைக் கலைத்துவிட்டிருந்தார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் சேறு. புடவையைப் பார்த்தால் அது எந்த நிறம் என்றே தெரியாது. அத்தை தாடிக்காரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறார். யாரோ ஒரு பெண்ணின் கீச்சுக் குரல் அவர் வாயிலிருந்து இந்தியில் வந்தது. எஜமானே, நாங்கள் நாதியற்றவர்கள், எங்களைக் காப்பாற்றுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏனென்றால் அத்தை அன்றைக்கு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வாயை அசைத்தால் போதும், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணு என்றார்களாம். சும்மா எதற்கு எண்ணுவது என்று, வெயிலில் நின்ற அந்தப் பையனிடம் அத்தை பேசியிருக்கிறார். "சாப்ட்டியா நைனா? மூஞ்சி வாடிக்கீதே." அவன் ஒன்றும் புரியாமல் தலையாட்டினானாம். இப்போது திரையில் அந்த உதடுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டவரின் வாயில் காப்பாற்று என்று திணித்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் போல அவனைப் பார்த்து விசாரித்தவரை அவன் காலில் விழ வைத்துவிட்டார்கள். இதைவிடப் பச்சையான திருட்டு எனக்குத் தெரியாது.

அடுத்து தூரத்திலிருந்து ஒரு ஷாட். கூட்டம் முழுக்கக் கை தூக்குகிறது, நடுவில் தாடிக்காரன். அவன் பக்கத்தில் அத்தை. என் கண் அங்கேயே நின்றுவிட்டது. ஊரே மண் நிறத்தில் இருக்க, நட்டநடுவில் ஒரு பச்சைப் புடவை, அரக்கு பார்டர், கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல், தலைப்பு ஒழுங்காகத் தோளில். தலை படிய வாரியிருந்தது. மூச்சு விடுவதற்குள் மறுபடி முகம், மறுபடி சேறு. அப்புறம் மறுபடி தூரம், மறுபடி பச்சைப் புடவை.

கம்பெனியில் என்றால் அந்தச் சட்டையைத் தூக்கித் தனியாகப் போட்டிருப்பேன். இத்தனை பெரிய தவறை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

இடைவேளையில் அத்தை வெளியே வரவில்லை. படம் முடிந்து ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ரெண்டாம் நாள் என்ன நடந்தது?"

அத்தை சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "தொவைக்க வேணாம், அப்பிடியே கட்டிகினு வான்னு ஏஜென்ட்டு சொன்னான். வயசானவ, வெயில்ல நின்னுட்டு போயி எதுக்கு தொவச்சி கஷ்டப்படணும்னு பாவம் பாத்து சொல்றான்னு நெனச்சேன். நல்ல மனசுன்னு நெனச்சேன்மே. அதுக்காவ அழுக்குப் பொடவையோட போயி நிக்க முடியுமா?"

சேற்று முகம் முதல் நாள் எடுத்தது, பச்சைப் புடவை இரண்டாம் நாள் எடுத்தது. படம் எடுக்கிற ஊரில் நேற்றைய அழுக்கு இன்றைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் அத்தைக்கு ராத்திரி தாண்டி அழுக்கு உடம்பில் இருக்கக் கூடாது என்பது சட்டம். துவைக்காதே என்று ஒருவர் சொன்னால் அதை உபசாரம் என்று மட்டும்தான் அவரால் எடுத்துக்கொள்ள முடியும்.

"காலைல என்னிய பாத்ததும் தொப்பி போட்ட அந்தப் பொண்ணு கத்துச்சி பாரு. அத்தினி பேரு முன்னால. அசிஸ்டெண்டாம். பாச புரியல. ஆனா திட்டுறது எந்தப் பாசைல திட்னாலும் புரியும். அப்புறம் வாளியோட வந்துச்சி பூசறதுக்கு. நான் கையப் புடிச்சிட்டேன்."

"ஏன் அத்தை? முதல் நாள் பூச விட்டீங்களே."

"மொத நாளு கேட்டுட்டு பூசனாங்க. அன்னிக்கி திட்டிட்டு பூச வந்துச்சி." அவர் குரல் உயரவில்லை. "ஏஜென்ட்டுகிட்ட சொன்னேன். சேறு வேணும்னா வேல குடுக்க சொல்லு. நடவு நடுறேன், களை எடுக்குறேன், தன்னால படும். சும்மா நிக்கிறவ மேல வாரி ஊத்தாதன்னேன். அவன் அத்த அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவே இல்ல. தாடிக்காரனுக்கு பிளைட்டுக்கு நேரமாய்ட்ச்சின்னு பெரிய டைரட்டரு மைக்குல கத்துனாரு. தூரத்துல இருந்து ஒண்ணும் தெரியாது, எடுன்னுட்டாராம். எடுத்துட்டாங்க. மறுநாளு என்னிய கூப்புடல."

முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரருக்கும் இதெல்லாம் கேட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் தனியாகச் சொன்னார். செம்பரம்பாக்கம் பக்கத்தில் அவர்கள் இருந்த காலத்தில் அத்தை அடுத்தவர் நிலத்தில்தான் வேலை செய்தார். வேலை முடிந்து சேற்றோடு ஊருக்குள் கடைக்குப் போனால், கடைக்காரர் பொருளைக் கையில் தர மாட்டார், தரையில் வைப்பார். அதனால் எத்தனை நேரமானாலும் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டுதான் அத்தை ஊருக்குள் காலெடுத்து வைப்பாராம். அப்போதும் கடைக்காரர் தரையில்தான் வைத்தார் என்றார். ஆனாலும் அம்மா கட்டுவதை விடவில்லை என்றார்.

நான் அன்றைக்குச் சமைக்கவில்லை. கோபத்தில் கை ஓடவில்லை. எனக்கு அந்தத் தொப்பிக்காரப் பெண் மேல் இருந்த கோபத்தைவிட, அந்த டைரக்டர் மேல் இருந்த கோபம் அதிகம். தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லைன் ஜார்கண்ட் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். விமர்சனம் பேசுகிற இந்திச் சேனல். இரண்டு பையன்கள், அவர்களுக்கும் தாடி. அந்தப் படத்தில் இருக்கிற தவறுகளை வரிசையாகக் காட்டிச் சிரிக்கிறார்கள். திடீரென்று அந்தத் தூரத்து ஷாட் வந்தது. அதை அப்படியே நிறுத்தி, பச்சைப் புடவையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். இந்த ஆன்ட்டி எந்த சோப்பு போடுகிறார், ஒரே வினாடியில் இத்தனை வெளுப்பு என்று ஒருவன் கேட்க, மற்றவன் மேசையைத் தட்டிச் சிரித்தான். கீழே பார்த்தவர்கள் போட்ட பதில்களில் சிரிப்புப் பொம்மைகளாகக் கொட்டிக் கிடந்தது.

தவறு கண்டுபிடிப்பதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அன்றைக்கு அந்தப் பையன்களைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. டீ இடைவேளையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த இந்தியில் நீளமாக ஒரு பதில் அடித்தேன். அது என் மாமியார், அவர் சொன்னது காப்பாற்று என்பது அல்ல, அந்தப் புடவை தவறு அல்ல, அந்தப் படத்தில் மற்றதெல்லாம்தான் தவறு என்று. அனுப்பவில்லை. இதைப் படித்தும் பொம்மைதான் போடுவார்கள் என்று தோன்றியது.

வீட்டில் இதைக் காட்டவே கூடாது என்றுதான் ஆவடியில் பஸ் இறங்கும்வரை நினைத்திருந்தேன். ஆனால் என் முகத்தை வைத்து அத்தை கண்டுபிடித்துவிடுவார். "இன்னாம்மே, மூஞ்சி ஏன் இப்பிடி கீது" என்று இரண்டாவது முறை கேட்டதும் போனைக் கொடுத்துவிட்டேன். சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுக் கொடுத்தேன்.

அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு போட்ட வட்டம்?"

"விமர்சனம் பண்றவங்க அத்தை. விடுங்க, வேலை இல்லாதவங்க."

"கஞ்சி நல்லா நின்னுகீது பாரு," என்றார். பிறகு, "இத்த போட்டோவா எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஆவடி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்குப் போனோம். அத்தை அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரர் என் போனிலிருந்து படத்தை எடுத்துத் தன் கணினியில் பெரிதாக்கினார். கை தூக்கிய கூட்டம், நடுவில் தாடிக்காரன், பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் எங்கள் அத்தை. பெரிதாக்கியதில் முகம் கொஞ்சம் கலங்கித்தான் போயிருந்தது. புடவை மடிப்பு மட்டும் கலையவில்லை.

"இந்த ரவுண்ட எடுத்துட்றேன்மா. ரெண்டு நிமிசத்துல கிளீன் பண்ணிடலாம்," என்று கடைக்காரர் மவுஸை நகர்த்தினார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அத்தை அவர் கைமேல் கையை வைத்தார்.

"இருக்கட்டும் நைனா. அது இல்லாங்காட்டி, இத்தினி பேருல நான் எதுன்னு யாருக்குத் தெரியும்?"